ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்ததைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எது? (அம்மா, 61, டயாலிசிஸ்)

ராஜபாளையத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக டயாலிசிஸ். வாரம் இரண்டு தடவை, செவ்வாயும் வெள்ளியும். போன மாதம் இடது கை ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்த ரத்தக்குழாய்களை ஆபரேஷனில் இணைத்த இடம்) அடைத்துப்போனதால் கழுத்தில் குழாய் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வலது கையில் புதிதாகப் போட முடியுமா என்று பார்க்க, ஆபரேஷன் செய்யும் டாக்டர் கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். எலும்புக்குப் பக்கத்தில், மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கைவரை, தண்டவாளம் மாதிரி இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள். "ரத்தக்குழாய் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே கூடாது தம்பி. உங்கள் அம்மாவுக்குத் தெரிகிறது. சுண்ணாம்பு படிந்திருக்கிறது" என்றார். மணிக்கட்டில் போட்டால் நிற்காது, முழங்கைக்கு மேலே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டு கையில் இருக்கிறது. பாஸ்பரஸ் 6.9, பி.டி.எச். 84. இரண்டும் தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கி அம்புக்குறி. அல்புமின் 3.1, கீழ்நோக்கி அம்பு. கால்சியம் 10.4, அல்கலைன் பாஸ்படேஸ் 71. இவை சாதாரண எழுத்தில்தான் இருக்கின்றன. மாத்திரை: பாஸ்பரஸைப் பிடிக்கக் கால்சியம் அசிடேட் 667 மூன்று வேளை, கால்சிட்ரியால் (விட்டமின் டி வகை) தினம் ஒன்று, பிரஷருக்கு இரண்டு.

சித்தப்பா மகன் இணையத்தில் தேடி ஃபெட்டுயின்-ஏ, எம்.ஜி.பி., எஃப்.ஜி.எஃப் 23 என்று மூன்று பெயர் அனுப்பியிருக்கிறான். அவற்றை எடுத்துப் பார்த்தால் எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரியுமாம். கூடவே விட்டமின் கே2 மாத்திரை ஒரு பெட்டி வாங்கி அனுப்பிவிட்டான். சுண்ணாம்பைக் கரைக்கும் என்கிறான். இந்தப் பரிசோதனைகளை எடுக்கலாமா? மாத்திரையைக் கொடுக்கலாமா? யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


இயற்கை வழி:

பிரண்டைத் துவையல் வாரம் மூன்று நாள், முருங்கைக்கீரைச் சாறு தினமும் கொடுங்கள். தப்பான இடத்தில் இருக்கும் கால்சியத்தை எடுத்து எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எங்கள் பாட்டி 92 வயதுவரை இதைச் சாப்பிட்டார்.


மில் கணக்கர்:

மேலே எழுதியவரின் பாட்டிக்குக் கிட்னி வேலை செய்திருக்கும். தம்பி, அதைச் செய்துவிடாதீர்கள். பிரண்டையில் கால்சியம், முருங்கைக்கீரையில் பொட்டாசியம். கீரைச் சாறு குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நெஞ்சு படபடக்க ஆட்டோவில் வந்தவரை எங்கள் யூனிட்டில் பார்த்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணம் பக்கம் ரைஸ் மில்லில் 31 வருடம் கணக்கு எழுதியவன். ஒன்பது வருடமாக டயாலிசிஸ். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் பேரேட்டில் ஏற்றுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. என் கதையும் உங்கள் அம்மா கதைதான். மூன்றாவது வருடம் முதுகு வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயில், முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக்குழாய் வெள்ளைத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அதற்கு முந்தின மாத ரிப்போர்ட்டில் கால்சியம் நார்மல். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. நார்மல் என்றால் அங்கே எப்படிப் படிந்தது?

எங்கள் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். மில்லில் வேலை பார்த்தவர்தானே, கல்லாவில் இருக்கிற காசை எண்ணிக் கிடங்கில் எத்தனை மூட்டை இருக்கிறதென்று சொல்ல முடியுமா என்று திருப்பிக் கேட்டார். அதுதான் விஷயம். ரத்தத்தில் ஓடுகிற கால்சியமும் பாஸ்பரஸும் கல்லாக் காசு, இன்றைய நிலவரம். குழாய்ச் சுவரில் படிந்தது நாலு வருடமாக அடுக்கிய மூட்டை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கிடங்குக்குள்தான் போக வேண்டும். எக்ஸ்ரே, எக்கோ, சி.டி. இதெல்லாம் அதற்குத்தான். இத்தனை படிந்திருக்கிறது என்று எண் சொல்லுகிற ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் மூட்டை இன்னும் ஏறிக்கொண்டே இருக்கிறதா என்று கல்லாவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். அதற்கு உங்கள் கையில் இருக்கிற சீட்டே போதும். என்ன, தடித்த எழுத்தை நம்பக் கூடாது.

முதலில் பி.டி.எச். 84. எலும்பை எழுப்பி வேலை வாங்குகிற ஹார்மோன் அது. மேல்நோக்கி அம்பு போட்டிருக்கிறார்கள். லேபுக்கு உங்கள் அம்மா டயாலிசிஸ் நோயாளி என்று தெரியாது. கிட்னி நன்றாக இருப்பவருக்கு 65தான் உச்சவரம்பு என்பதால் கம்ப்யூட்டர் அம்பு போட்டுவிட்டது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்த உச்சவரம்பைப் போல இரண்டிலிருந்து ஒன்பது மடங்குவரை இருக்கலாம் என்பது டாக்டர்கள் பின்பற்றும் சர்வதேச வழிகாட்டி. உங்கள் லேப் கணக்கில் 130இலிருந்து 585. அப்படிப் பார்த்தால் 84 கூடுதல் இல்லை, குறைவு. எலும்பில் வேலை நடப்பதைக் காட்டுகிற அல்கலைன் பாஸ்படேஸ் 71 என்று அடங்கி இருப்பதும் அதோடு ஒத்துப்போகிறது. எலும்பு தூங்குகிறது என்பார் எங்கள் டாக்டர் அம்மா. தூங்குகிற எலும்பு கால்சியத்தை உள்ளே வாங்காது. உள்ளே வாங்காத சரக்கு எங்கே போகும்? தெருவில்தான் அடுக்குவார்கள்.

அடுத்து கால்சியம் 10.4. அம்பு இல்லை. ஆனால் ரத்தத்தில் இருக்கிற கால்சியத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானது அல்புமின் என்கிற ரத்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. அல்புமின் குறைந்தால் மொத்தக் கணக்கும் குறைத்துக் காட்டும். 4இலிருந்து அல்புமின் எவ்வளவு குறைகிறதோ அதை 0.8ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். 0.9 பெருக்கல் 0.8, கிட்டத்தட்ட 0.7. ஆக உங்கள் அம்மாவின் கால்சியம் 11.1. அம்பு வந்திருக்க வேண்டிய இடம் இதுதான், அங்கே வரவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், கால்சியம் அசிடேட்டும் கால்சிட்ரியாலும் இப்போது தேவைதானா என்ற ஒரு கேள்வியை இந்தக் கணக்கோடு கிட்னி டாக்டரிடம் கொண்டுபோவேன். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த அப்பாயிண்ட்மென்ட்வரை காத்திருக்கவும் வேண்டாம், செவ்வாய்க்கிழமையே கேளுங்கள்.

பாஸ்பரஸ் 6.9, இந்த அம்பு நிஜம். பாஸ்பரஸ் அதிகமான ரத்தத்தில் வருடக்கணக்காக ஊறினால் குழாய்ச் சுவரில் இருக்கிற தசைச் செல்லே எலும்புச் செல் மாதிரி மாறிவிடுகிறதாம். வயதானவர்களுக்கு மட்டும் வருவது என்று நினைக்காதீர்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருந்த 16 டயாலிசிஸ் நோயாளிகளை ஸ்கேன் செய்தபோது 14 பேருக்கு இதய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

வாரம் இரண்டு தடவை என்கிறீர்கள், வரவு செலவு போட்டுப் பாருங்கள். நாம் தின்கிற சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு 600 மில்லிகிராம் பாஸ்பரஸ் உடம்பில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 4,200. நாலு மணி நேர டயாலிசிஸ் ஒன்று 800இலிருந்து 1,000வரை எடுக்கும். இரண்டு தடவைக்கு மிஞ்சினால் 2,000. பாக்கியை மாத்திரைதான் குடலிலேயே பிடித்து வெளியேற்ற வேண்டும். அந்த மாத்திரை சோற்றோடு சேர்ந்து வயிற்றில் இருந்தால்தான் பிடிக்கும். நான் இரண்டு வருடம் மூன்று மாத்திரையையும் ராத்திரி படுக்கும்போது மொத்தமாக விழுங்கிக்கொண்டிருந்தேன். மறக்காமல் இருக்குமே என்றுதான். வெறும் வயிற்றில் போன மாத்திரை பாஸ்பரஸைப் பிடிக்கவில்லை. அதிலிருந்த கால்சியம்தான் ரத்தத்தில் ஏறியது. பணமும் கொடுத்து மூட்டையும் ஏற்றிக்கொண்டேன்.

சித்தப்பா மகன் சொன்ன பெயர்கள் பொய்யில்லை. ஃபெட்டுயின்-ஏ என்பது ஈரல் செய்கிற புரதம், மில் லோடுமேன் மாதிரி. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து குருணையாகும்போது அதைச் சுற்றிக் கட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும், கண்ட இடத்தில் இறக்க விடாது. அது குறைந்த டயாலிசிஸ் நோயாளிகள் இதயக் கோளாறில் அதிகம் இறக்கிறார்கள் என்று 2003இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. எம்.ஜி.பி. குழாய்ச் சுவரிலேயே நிற்கிற வாட்ச்மேன். அது இல்லாமல் பிறக்கவைத்த எலிகள் இரண்டு மாதத்துக்குள் பெரிய ரத்தக்குழாய் கல்லாகி வெடித்துச் செத்தன, அது 1997. எஃப்.ஜி.எஃப் 23, பாஸ்பரஸை வெளியேற்றச் சொல்லி எலும்பு கிட்னிக்கு அனுப்புகிற கடிதம். வாங்கிப் படிக்கக் கிட்னி இல்லாததால் டயாலிசிஸ்காரர்களுக்கு அது பல நூறு மடங்குகூட ஏறி நிற்கும்.

சரி, எடுத்துப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்? உடம்பில் எங்காவது சீழோ காய்ச்சலோ இருந்தால் ஃபெட்டுயின் தானாகக் குறையும். அம்மாவுக்குக் கழுத்தில் குழாய், அல்புமின் 3.1. குறைவாகத்தான் வரும் என்று பரிசோதிக்காமலே சொல்லலாம். குறைந்தால் ஏற்றிக்கொள்ள ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அந்த எண் வேண்டும். உங்களுக்கு அந்தப் பணத்தில் முட்டை வெள்ளை வாங்கலாம்.

கே2 விஷயம். எம்.ஜி.பி. வேலை செய்ய விட்டமின் கே வேண்டும் என்பது உண்மை. டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் வேலை செய்யாத எம்.ஜி.பி.யின் அளவு குறைந்தது. குழாயில் படிந்தது குறைந்ததாகத் தெளிவான நிரூபணம் இல்லை. ஏற்கெனவே கல்லானதைக் கரைக்கிற மாத்திரை எதுவும் வரவில்லை, மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் முடியும். அம்மா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறாரா? அது கே-க்கு நேர் எதிரி, சாப்பிட்டால் டாக்டருக்குத் தெரியாமல் கே2 தொடவே கூடாது. அப்புறம், அந்த அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று நாளைக்கு அம்மா வாயில் போடுகிற அத்தனையையும், எத்தனை மணிக்கு என்பதோடு எழுதிவைத்து இங்கே போடுங்கள். தண்ணீர், மாத்திரை, ஒரு வாய் முறுக்கு, எதையும் விட வேண்டாம்.


ராஜபாளையத்தான்:

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வார்ஃபரின் இல்லை. கே2 அட்டையின் பின்பக்கம் பார்த்தேன். கால்சியம் கார்பனேட்டும் விட்டமின் டி3யும் சேர்த்து எழுதியிருக்கிறது! எலும்பு மாத்திரையைத்தான் அனுப்பியிருக்கிறான். நல்லவேளை, நாலு மாத்திரையோடு நிறுத்திவிட்டேன்.

மூன்று நாள் எழுதியதில் எல்லா நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலை 6 மணிக்குப் பால் காபி. 7.30க்கு மாத்திரை, 8.15க்கு இட்லி மூன்று, சட்னி. 11 மணிக்குப் பிஸ்கட் நாலு. 12.30க்கு மாத்திரை, ஒரு மணிக்குமேல் சோறு, ஒரு காய், மோர். ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. மாலை காபி. 7.30க்கு மாத்திரை, எட்டரைக்கு இரண்டு தோசை. டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் கறுப்புக் கலர் ஒரு சின்ன பாட்டில், அன்றைக்கு மட்டும்தான், வாய் கசக்கிறது என்பார். நடுவில் வெற்றிலை பாக்கு எட்டோ ஒன்பதோ. இவ்வளவுதான்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் என்று மெடிக்கல் கடையில் கவரில் எழுதிக் கொடுத்ததால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே கொடுத்து வந்திருக்கிறோம். இதைத் தட்டும்போதே வயிறு கலங்குகிறது.


திருச்சி சிஸ்டர்:

டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், பதினாலு வருட சர்வீஸ். ராஜபாளையத்துத் தம்பி, எழுதியதில் கடைசி வரியைச் சாதாரணமாகப் போட்டுவிட்டீர்களே. எட்டு ஒன்பது வெற்றிலை என்றால் எட்டு ஒன்பது தடவை சுண்ணாம்பு. ரத்தக்குழாயில் சுண்ணாம்பு என்று தலைப்புப் போட்டுவிட்டு டப்பியில் இருக்கிற சுண்ணாம்பை யாரும் கேட்கவில்லை! வெற்றிலையில் தடவுவது கால்சியம் ஹைட்ராக்சைடு. சாற்றோடு கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். வெற்றிலை பாக்கு நிறையப் போடுகிறவர்களுக்குக் கால்சியம் ஏறிப்போனதாக மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள். கிட்னி இல்லாதவருக்கு அது வெளியேற வழியும் இல்லை. எங்கள் யூனிட்டில் ஒரு பாட்டிக்கு மூன்று மாதமாகக் கால்சியம் 11க்குக் கீழே இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார். ஒரு நாள் ஊசி குத்தக் கையைப் பிடித்தபோது ஆள்காட்டி விரல் நகக்கண் வெள்ளையாக இருந்தது. என்ன பாட்டி இது என்றேன். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்துக் காட்டினார்.

இன்னும் சில. கறுப்புக் கலரில் சேர்ப்பது பாஸ்பாரிக் அமிலம், அந்தப் பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் ஏறிவிடும். பருப்பில் இருப்பது பாதிகூட ஏறாது. அதனால் பயந்துபோய்ப் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடாதீர்கள், அல்புமின் இன்னும் இறங்கிவிடும். நெத்திலியை முள்ளோடு மென்றால் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும்.

அல்புமின் வைத்துத் திருத்துகிற கணக்கு ஒரு உத்தேசம்தான். அயனைஸ்டு கால்சியம் என்று கேளுங்கள், எதிலும் ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக ஓடுகிற கால்சியத்தை நேரடியாக அளப்பது அது, ஐ.சி.யூ. இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த வாயு பார்க்கிற மெஷினிலேயே வந்துவிடும். ரத்தம் எப்போதும் டயாலிசிஸுக்கு முன்னால் எடுக்க வேண்டும், மெஷினிலிருந்து இறங்கியதும் எடுத்தால் பாஸ்பரஸ் அழகாக 3 காட்டும், நாமும் ஏமாந்துபோவோம். பி.டி.எச். லேபுக்கு லேப் மாறும், ஒரே இடத்தில் எடுங்கள். வயிற்றைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரேயும் எக்கோவும் எடுத்து வைத்துக்கொண்டால் பெரிய குழாயும் இதய வால்வும் எப்படி இருக்கின்றன என்று தெரியும். சி.டி. கட்டாயம் இல்லை. மெஷினில் ஓடுகிற திரவத்தில் கால்சியம் எவ்வளவு வைக்கிறார்கள் என்றும் உங்கள் யூனிட்டில் கேட்டுப் பாருங்கள். அதிலும் கூட்டலாம், குறைக்கலாம்.


மில் கணக்கர்:

கும்பகோணத்துக்காரனாக இருந்துகொண்டு வெற்றிலையைக் கேட்க மறந்தேனே. வெட்கக்கேடு. சிஸ்டருக்குக் கும்பிடு.


ராஜபாளையத்தான்:

நான்கு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். செவ்வாய்க்கிழமையே சீட்டையும் உங்கள் கணக்கையும் மூன்று நாள் பட்டியலையும் காட்டினேன். டாக்டர் பட்டியலை இரண்டு தடவை படித்தார். அயனைஸ்டு கால்சியம் எடுத்ததில் 1.46 வந்தது, 1.3 சுமாருக்கு மேல் போகக் கூடாதாம். கால்சியம் அசிடேட்டையும் கால்சிட்ரியாலையும் நிறுத்திவிட்டு, கால்சியம் இல்லாத செவலமர் 800 மூன்று வேளை எழுதினார். சோற்றில் முதல் இரண்டு வாய் போனதும் விழுங்கச் சொன்னார். வாரம் மூன்று டயாலிசிஸ் ஆக்க முடியுமா என்று கேட்டார். காப்பீட்டு அட்டையில் அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் வரவில்லை.

வீட்டில் பெரிய சண்டையே சுண்ணாம்புக்குத்தான். "நாற்பது வருஷமாகப் போடுகிறேன், இப்போதுதான் கெட்டதா?" என்று இரண்டு நாள் பேசவில்லை. நான் கை எக்ஸ்ரேயை ஜன்னலில் ஒட்டி அந்தக் கோட்டைக் காட்டினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். அடுத்த நாள் டப்பியைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிட்டார். இப்போது வெறும் வெற்றிலை, ஒரு நாளைக்கு இரண்டு. வாய் சிவக்கவே இல்லை, மாடு தழை தின்பது மாதிரி இருக்கிறது என்கிறார்.

புதன்கிழமை வந்த ரிப்போர்ட்: கால்சியம் 9.3, அல்புமின் 3.3, பாஸ்பரஸ் 5.7. பி.டி.எச். இரண்டு மாதம் கழித்து எடுக்கலாம் என்றார். முழங்கைக்கு மேலே ஃபிஸ்டுலா அடுத்த வாரம்.


மில் கணக்கர்:

திருத்தினால் கால்சியம் 9.9. பேரேட்டில் ஏற்றலாம். டயாலிசிஸ் செவ்வாய், வெள்ளி என்றீர்கள். புதன்கிழமை ரிப்போர்ட் என்றால் ரத்தம் எப்போது எடுத்தது? முன்னாலா, பின்னாலா?


ராஜபாளையத்தான்:

செவ்வாய் காலை, மெஷினில் போடுவதற்கு முன்னால் ஐயா. பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.